உருளியின் விளிம்பில் இருந்த பெயர்

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் உள்ள இரவல் பொருளகத்திற்கு ஓராண்டு நிறைந்தது. பாசிர் ரிஸ் வட்டாரக் குடியிருப்பாளர் குழுவினர், நீங்கள் கேக் என்று சொல்லும் அணிச்சலை வெட்டிக் கொண்டாடினார்கள். விழா மலருக்கு நன்றியுரை எழுதும் பொறுப்பை, பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியன் என்பதால், என்னிடம் ஒப்படைத்திருந்தார்கள். புரவலர்களையும் கொடையாளர்களையும் முறைப்படி பாராட்டி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் இடம்பெற இயலாத செய்தி ஒன்று என்னிடம் தங்கிவிட்டது. அதனை ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன்.

இரவல் பொருளகம் என்பது நூல்கள் இல்லாத நூலகம் என்று கொள்ளுங்கள். அங்கே ஏணி, துளைப்பொறி, சக்கர நாற்காலி, தையற்பொறி, விருந்துக்கு வேண்டிய பெரும் பாத்திரங்கள் ஆகியவை அடுக்கப்பட்டிருக்கின்றன. வேண்டுவோர் எடுத்துச் சென்று, பயன்படுத்தி, தூய்மை செய்து திருப்பித் தர வேண்டும். இந்நகரில் வீடுகள் சிறியவை. ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படும் பொருளுக்கு ஆண்டு முழுவதும் இடம் தர எவருக்கும் வசதி இல்லை.

2

இத்திட்டம் என் சிந்தனையில் உதித்ததன்று. குழுவின் தலைவர் திருவாட்டி லிம் தொடங்கியது. அவர் மனத்தில் இருந்தவை துளைப்பொறியும் ஏணியும். தமிழ்க் குடும்பங்களுக்கு வளைகாப்பு, புதுமனை புகுவிழா, பிறந்தநாள் விருந்து என்றால் பெரும் பாத்திரங்களே தேவைப்படுகின்றன என்று நான் எடுத்துரைத்தேன். அவர் உடனே தலையசைத்து, தமிழர் பொருள்களைத் திரட்டும் பணியை என் தலையிலேயே ஏற்றிவிட்டார்.

நான் ஒரு வேண்டுகோள் எழுதினேன். 'ஈகைப் பண்பிற் சிறந்த இல்லத்தீர்!' என்று தொடங்கி, பிறமொழிக் கலப்பு ஒன்றும் இல்லாமல், கட்டமிட்டு அச்சிட்டு, மின்தூக்கியின் அருகே ஒட்டினேன். பல நாள்கள் கடந்தன. ஒரு கரண்டிகூட வரவில்லை. மேல்மாடியில் வசிக்கும் செவிலியர் செல்வி, இப்பணியில் எனக்குத் துணையாகச் சேர்ந்தவர், ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. லிஃப்ட்டுக்கு நிக்கிறவங்க எல்லாம் அத யாரோ தவறிட்டாங்கன்னு போட்ட நோட்டீஸ்னு நெனச்சுக்கிட்டு அமைதியா நிக்கிறாங்க."

"அதில் இறப்புச் செய்தி எங்கே அம்மா இருக்கிறது?"

"எங்கயும் இல்ல. ஆனா கறுப்புக் கட்டம் போட்டிருக்கு. படிச்சா ஒரு மாதிரி நெஞ்சடைக்குது லா."

அன்றே அவர் கைப்பேசியில் ஒரு செய்தி தட்டி அனைவருக்கும் அனுப்பினார். 'வீட்ல சும்மா கெடக்குற பெரிய பாத்திரம் இருந்தா கீழ கொண்டாந்து குடுங்க, எல்லாரும் யூஸ் பண்ணலாம்' என்பதே அதன் முழு வாசகம். மாலைக்குள் அறையில் கால் வைக்க இடமில்லை. மொழியைக் காத்தேன் என்று நான் எண்ணியிருந்த இடத்தில், மொழி என்னைத் தாண்டிச் சென்று தன் வேலையை முடித்துவிட்டது.

3

வந்த பாத்திரங்களில் பெரும்பாலானவை மறைந்த பெற்றோரின் வீடுகளிலிருந்து வந்தவை. வீடு கைமாறும்போது பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியாத பொருள்கள் அவை. ஒவ்வொன்றின் விளிம்பிலும் கழுத்திலும் ஒரு பெயர் வெட்டப்பட்டிருந்தது. ஊரில் உங்களுக்கு இது புதிதன்று. பாத்திரக் கடையில் விலை பேசி முடித்ததும், வாசலில் சிற்றுளியும் சுத்தியலுமாக அமர்ந்திருப்பவர், "என்ன பேரு போடணும்?" என்று கேட்பார். பெயர் புள்ளி புள்ளியாக எழும்பும். சீர்வரிசையாக வரும் பாத்திரங்களில் மணமகளின் பெயரும், அதன் முன் அவள் தந்தையின் பெயரின் முதலெழுத்தும் இருக்கும். மணமான பிறகு அவள் முதலெழுத்து மாறினாலும் பாத்திரத்தில் மாறுவதில்லை.

என் துணைவியார் சிவகாமி நாகர்கோவிலிலிருந்து கொண்டு வந்த வெண்கல உருளியும் அவற்றுள் ஒன்று. அகன்ற வாயுடைய கனத்த பாத்திரம். ஓர் ஊருக்கே பாயசம் காய்ச்சலாம். அதன் விளிம்பில் 'வே. சிவகாமி' என்று இருந்தது. வே என்பது என் மாமனார் வேலாயுதம்.

இந்நாட்டிற்கு வந்தபின் சிவகாமியின் பெயர் பல உருவங்களை எடுத்தது. அடையாள அட்டையில் என் பெயரின் வாலாக வந்தது. மருத்துவமனையில் வேறோர் எழுத்துக்கூட்டல். கூப்பிட்டபோது தம்மைத்தான் அழைக்கிறார்கள் என்று அவருக்கே விளங்காமல் போனதுண்டு. இறப்புச் சான்றிதழில் இருப்பதும் ஆங்கில எழுத்துகளே. அவர் அஸ்தியைக் கடலில் கரைத்தோம். ஆகவே கல்லும் இல்லை, கல்லின்மேல் எழுத்தும் இல்லை. தமிழ் எழுத்தில், தந்தையின் முதலெழுத்தோடு, அவர் பெயர் இந்நகரில் எங்கேனும் நிலைத்திருந்தது என்றால் அது அந்த உருளியின் விளிம்பில் மட்டுமே. இது எனக்கு உருளியைக் கொடுத்தபோது தோன்றவில்லை.

ஏன் கொடுத்தேன் என்று கேட்பீர்கள். பிறரிடம் கேட்பவன் தன் வீட்டிலிருந்து தொடங்க வேண்டும் என்று கருதினேன். அதைவிட, நல்ல பாத்திரம் வைப்பறையின் இருளில் பழைய மின்விசிறிக்கு அடியில் கிடப்பதைக் காணப் பொறுக்கவில்லை. மகள் கயல்விழியைத் தொலைபேசியில் கேட்டேன். அவள் பொங்கோல் வட்டாரத்தில் வசிக்கிறாள். அலுவலகத்தில் அவளைக் 'கே' என்று அழைக்கிறார்கள்.

"எங்கப்பா வைக்கிறது? என் கிச்சன்ல ரைஸ் குக்கர் வைக்கவே இடமில்ல. லைப்ரரிக்கே குடுத்துடுங்க. அம்மா சந்தோஷப்படுவாங்க."

கொடுத்துவிட்டேன்.

4

பாத்திரங்கள் வந்தன, எடுத்துச் செல்ல எவரும் வரவில்லை. ஏணி சென்றது, துளைப்பொறி சென்றது, சக்கர நாற்காலி ஓய்வின்றிச் சுழன்றது. பாத்திரங்கள் மட்டும் சுவரோரம் அமர்ந்திருந்தன.

காரணத்தை எனக்கு உணர்த்தியவர் பக்கத்து அடுக்ககத்து அம்மையார் ஒருவர். மகளின் வளைகாப்பிற்குப் பாயசம் காய்ச்ச வேண்டும் என்று வந்தார். உருளியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. குனிந்து விளிம்பைப் படித்தார்.

"யாருங்கய்யா இந்த சிவகாமி?"

"என் துணைவியார். மறைந்துவிட்டார்."

"ஐயோ…" என்று சற்று விலகினார். பிறகு, "தப்பா எடுத்துக்காதீங்க. அவங்க போனதுக்காகச் சொல்லல. சபையில வைக்கிற பாத்திரத்துல வேற ஒருத்தங்க பேரு இருந்தா, வர்றவங்க படிப்பாங்க. இரவல் வாங்கித்தான் வளைகாப்பு பண்றாங்கன்னு பேச்சு வரும். எங்க சம்பந்தி வீட்டு ஆளுங்க கண்ணு சும்மா இருக்காது."

அன்று அவர் மடக்கு நாற்காலிகளை மட்டும் எடுத்துச் சென்றார். நாற்காலிகளில் பெயர் இல்லை.

அதே வாரம் திருவாட்டி லிம் கனிவாக, ஆனால் தெளிவாகக் கூறினார். அறையைத் துணைப்பாட வகுப்புக்காக வேறொரு குழு கேட்கிறது. அடுக்குகள் வாங்கப் புரவலரும் இல்லை, பாத்திரங்களை எடுப்பாரும் இல்லை என்றால், ஆண்டு முடிவில் தமிழ்ப் பகுதியை மூடி, பொருள்களை அவரவரிடம் திருப்பித் தர நேரும். அவரவர் என்றால் எவர்? பாதி வீடுகள் கைமாறிவிட்டன. திருப்பித் தந்தால் அவை செல்லும் இடம் குப்பை வண்டி என்பது எனக்கும் செல்விக்கும் தெரியும்.

5

ஆகவே புரவலரைத் தேடி, தமிழர் கடைகள் நிறைந்த தேக்காவுக்குச் சென்றோம். சிராங்கூன் சாலையின் இருபுறமும் ஏறி இறங்கினோம். நகைக்கடையில் நாள்காட்டிகள் தந்தார்கள். மளிகைக்கடையில் அரிசி தருவதாகச் சொன்னார்கள். பாத்திரமே வெளியேறாத இடத்தில் அரிசியை என்ன செய்வது? நாகூரிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்து வேரூன்றிய துணிக்கடை முதலாளி ஒருவர், தேநீர் வரவழைத்து, மேசை விரிப்புகளை எடுத்துக் கட்டச் சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே அறிவுரையும் கூறினார்.

"வாத்தியாரே, நீங்க பேசுறது எல்லாம் அழகா இருக்கு. ஆனா குடுக்குறவன் மனசுல ஒரே கேள்விதான் ஓடும். எம்பேரு எங்க வரும்? அதுக்குப் பதில கையில வச்சுக்கிட்டுக் கடை ஏறுங்க."

அந்தக் கேள்வியைச் சுற்றி வளைக்காமல் கேட்டவர் மாணிக்கம். துவாஸ் பகுதியில் இரும்புப் பட்டறை நடத்துபவர், செல்விக்கு அறிமுகமானவர். தேக்கா உணவங்காடியில் எங்களைச் சந்தித்தார்.

"அலமாரி நான் அடிச்சுத் தர்றேன். தூக்கிட்டுப் போக டிராலி தர்றேன். நெளிஞ்சது, ஓட்டையானது எல்லாம் என் பட்டறையில சரி பண்ணி போலிஷ் போட்டுத் தர்றேன். எல்லாப் பாத்திரத்துலயும் 'பெரியசாமி உபயம்'னு வெட்டிக்கிறேன். எங்கப்பா பேரு."

"ஏற்கெனவே பெயர்கள் இருக்கின்றனவே" என்றேன்.

"போலிஷ் போட்டா போன எடம் தெரியாதுங்க ஐயா."

"அது குடுத்தவங்களோட பேருண்ணே" என்றார் செல்வி. "நீங்க ஸ்டிக்கர் ஒட்டிக்கலாமே?"

மாணிக்கம் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "ரெண்டு தரம் கழுவுனா உரிஞ்சிடும் தங்கச்சி. எங்கப்பாவ ஸ்டிக்கர்ல ஒட்டச் சொல்றியா? அவரு கப்பல்ல வந்து இங்க கால்வாய் வெட்டுனாரு. இந்த ஊர்ல மழை பெஞ்சா ஓடுற தண்ணியில பாதி அவரு வெட்டுன வழியிலதான் ஓடுது. ஒரு போர்டுல பேரு இருக்கா? எரிச்சுக் கடல்ல கரைச்சிட்டோம். நான் செத்தா அந்தப் பேர வாயால சொல்றதுக்குக்கூட ஆளு இல்ல."

வேறு எவரேனும் இதனைக் கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். மறைந்தவரின் பெயருக்கு ஓர் இடம் என்று அவர் கேட்டது எனக்கும் வேண்டியிருந்தது.

அவர் நிபந்தனையில் இருந்த நன்மையையும் என்னால் காணாதிருக்க இயலவில்லை. எங்கள் திருநெல்வேலித் தெருவில் பொதுப் பாத்திரங்கள் கோயிலின் வைப்பறையில் இருந்தன. எல்லா வீட்டுத் திருமணத்திற்கும் அவையே சென்றன. அவற்றிலும் பெயர் இருந்தது. பெயருக்குப் பின் 'உபயம்' என்ற சொல்லும் இருந்தது. எடுத்துச் சென்றதில் எவரும் நாணியதில்லை. உடையவரின் பெயர் ஓரத்தில் இருந்தாலும் இரவலைக் காட்டிக் கொடுக்கிறது. உபயகாரரின் பெயர் அதனைப் பொதுவாக்கிவிடுகிறது. அந்த அம்மையார் உருளியைத் தொட அஞ்சியதற்கு மருந்து மாணிக்கத்தின் கையில் இருந்தது.

6

கொடையாளர்கள் ஒவ்வொருவரையும் நானும் செல்வியும் கேட்டோம். எதிர்ப்பு வரும் என்று எண்ணியிருந்தேன். வரவில்லை. "பேருதானே அங்கிள், எடுத்துக்குங்க" என்றார் ஒருவர். தம் தாயின் பெயர் அதில் இருப்பதே தமக்குத் தெரியாது என்றார் இன்னொருவர். அவருக்குத் தமிழ் படிக்க வராது.

கயல்விழியையும் அழைத்தேன்.

"மீட்டிங்ல இருக்கேன்பா. என்ன, அர்ஜண்டா?"

"உருளியைப் பற்றித்தான் அம்மா. அதிலுள்ள…"

"அதுதான் எனக்கு வேணாம்னு அன்னைக்கே சொல்லிட்டேனேப்பா. நீங்க என்ன பண்ணணுமோ பண்ணுங்க. நான் அப்புறம் கூப்பிடுறேன்."

அவள் அப்புறம் அழைத்தாள். பேரப்பிள்ளை நிலாவின் தேர்வைப் பற்றிப் பேசினோம். நான் உருளிப் பேச்சை மீண்டும் எடுக்கவில்லை. சரியென்று சொல்லிவிட்டாள் என்றே கொண்டேன்.

பட்டறை வண்டி வந்த நாளில் செல்வி உருளியின்மேல் கை வைத்து நின்றார்.

"ஐயா, இத மட்டும் விட்டுடலாம். மாணிக்கண்ணன்கிட்ட நான் பேசுறேன். அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"மற்றவர்களின் அன்னையர் பெயரை எடுக்க ஒப்புதல் வாங்கியவன் நான். என் வீட்டுப் பெயருக்கு மட்டும் விலக்குக் கேட்பது முறையாகுமா?"

"முறைய யாருங்கய்யா கேட்டா? ஆசையா இருக்கான்னு கேக்குறேன்."

உருளியை வண்டியில் ஏற்ற நானே ஒரு பக்கம் பிடித்தேன்.

திரும்பி வந்தபோது அது பொன்போல் ஒளிர்ந்தது. கைதேர்ந்த வேலை. எழுத்து இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். ஒரு புள்ளியின் பள்ளம்கூடத் தட்டுப்படவில்லை. புதிய எழுத்துகள் எதிர்ப்பக்க விளிம்பில் அளவாக, அழகாக அமைந்திருந்தன.

அதன்பின் பாத்திரங்கள் அறையில் தங்கவேயில்லை. வளைகாப்பிற்கு வந்து தயங்கிய அதே அம்மையார், பேரனின் தொட்டில் விழாவிற்கு உருளியைக் கேட்டு வந்தார். "இப்பக் கோயில் பாத்திரம் மாதிரி இருக்குங்கய்யா" என்றார். துணைப்பாட வகுப்பு வேறிடம் பார்த்துக்கொண்டது. திருவாட்டி லிம் பிற வட்டாரத்தாரை அழைத்து வந்து எங்கள் அடுக்குகளைக் காட்டினார். எடுத்த செயல் வென்றது. விழா மலரில் நான் எழுதியது இவ்வளவுதான்.

7

ஆண்டு விழா முடிந்து, அணிச்சல் தட்டுகளைச் செல்வி அப்புறப்படுத்திக்கொண்டிருந்தபோது கயல்விழி வந்தாள். முன்னறிவிப்பு இல்லாமல் அவள் வருவது அரிது.

"வாழ்த்துகள் ப்பா. சூப்பரா இருக்கு எல்லாம். அம்மாவோட உருளிய ரெண்டு நாளைக்கு எடுத்துக்கலாமா? நிலா ஸ்கூல்ல பாரம்பரியப் பொருள் ஒண்ணு கொண்டு போய்க் காட்டணுமாம். அதுல பாட்டி பேரு இருக்கு, தமிழ்லயே இருக்குன்னு சொல்லி வச்சிருக்கேன். அவ படிச்சிடுவாப்பா. 'வ'வும் 'சி'யும் இப்பத்தான் வந்திருக்கு. நானே சின்னப்புள்ளையில அதத் தடவித் தடவித்தானே எழுத்துக் கத்துக்கிட்டேன். ஞாபகம் இருக்கா?"

எனக்கு நினைவில்லை. தமிழ் கற்பிப்பதே தொழிலாக இருந்தவன் நான். என் மகள் எழுத்தை எங்கே கற்றாள் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

உருளி கீழ்த்தட்டில் இருந்தது. அவள் தரையில் அமர்ந்து அதனைத் தன் பக்கம் திருப்பினாள். ஒரு சுற்றுத் திருப்பினாள். மறுபடியும் திருப்பினாள்.

"இது அம்மாவுது இல்லப்பா."

"அம்மாவுடையதுதான்."

"பேரு?"

சொன்னேன். புரவலரையும், நிபந்தனையையும், எல்லாரிடமும் ஒப்புதல் பெற்றதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல என் குரல் கூட்டக் குறிப்பு வாசிப்பது போலிருந்ததை நானே கேட்டேன்.

"என்கிட்ட கேக்கலயே ப்பா."

"கேட்டேன் அம்மா. வேண்டாம் என்றாயே."

"பாத்திரம்தான்பா வேணாம்னு சொன்னேன்."

அவள் சினந்து பேசவில்லை. சினந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். புடைவையிலோ சட்டையிலோ தூசு படிந்தால் தட்டிக்கொள்வதுபோல் கைகளைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். நான் மாணிக்கத்திடம் பேசுகிறேன், பழைய பெயரை மீண்டும் வெட்டச் சொல்கிறேன், இந்த உருளியை உனக்கே தரச் சொல்கிறேன் என்றெல்லாம் அடுக்கினேன்.

"வேணாம்பா. புதுசா வெட்டுனா அது யாரோ இப்ப எழுதுனது. தாத்தா சொல்லி வெட்டுனது இல்ல." சற்று நின்று, "நிலாவுக்கு வேற ஏதாவது பாக்குறேன். தேக்காவுல குத்துவிளக்கு கெடைக்கும்ல?" என்றாள்.

பேருந்து நிறுத்தம் வரை உடன் செல்ல எழுந்தேன். "நீங்க இருங்கப்பா, ஆளு வந்திருக்காங்க" என்று வாசலைக் காட்டிவிட்டுப் போனாள்.

வாசலில் இளம் இணையர் நின்றிருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து அண்மையில் பணிக்கு வந்தவர்கள். குழந்தையின் முதல் பிறந்தநாளுக்கு உருளியை முன்பதிவு செய்திருந்தார்கள். அந்தப் பெண், குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, குனிந்து விளிம்பைப் படித்தார்.

"பெரியசாமி உபயம். யாருங்கய்யா இவரு?"

"கப்பலில் வந்தவர். இந்நகரின் கால்வாய்களை வெட்டியவர்."

"இருக்காருங்களா?"

"இல்லை அம்மா."

"நாங்களும் ஊர விட்டு வந்து, பாத்திரத்துக்கு என்ன செய்யுறதுன்னு முழிச்சிக்கிட்டு இருந்தோம். புண்ணியவான். பாயசம் எறக்குனதும் அவரு பேரச் சொல்லி மொதக் கரண்டிய எடுத்து வச்சிடுறேன்."

"அப்படியே செய்யுங்கள்" என்றேன்.

குழந்தையை அவர் திரும்ப வாங்கிக்கொண்டார். உருளியின் ஒரு பக்கத்தை அவர் கணவரும், மறுபக்கத்தை நானும் பிடித்துத் தள்ளுவண்டியில் ஏற்றினோம்.